மூன்று பெட்டிகளும் ஒரு காலிக் கட்டமும்

ராஜபாளையம்
6.2.1995

ஜெயா,

நீ போட்ட விதியை மதித்து எழுதுகிறேன். போன மாதம் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றவனிடம், "நேர்ல வந்தா கத்துவிய. சொல்ல வேண்டியத எழுதுங்க, எழுத்துக்குச் சத்தம் கெடையாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாய். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெண்டாட்டிக்கு இன்லேண்டு வாங்கிக் கடிதம் போடுகிறவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போஸ்ட் ஆபீஸ்காரர் முகவரியைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் போனால் அரைமணி நேரம்தானே என்றார். பஸ்ஸில் போனால் கதவைச் சாத்துகிறார்கள் என்று அவரிடம் சொல்லவா முடியும்?

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலிலிருந்து ஸ்பேர் பார்ட் படங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து பிளாப்பியில் தருகிற ஒர்க்‌ஷாப்புக்குத்தான் இனிமேல் வேலை என்று மில் மெயின்டனன்ஸ் என்ஜினீயர் சங்கரலிங்கம் சொல்லிவிட்டார். நம் கடைசல் லேத்துகள் ஓடுவதே அந்த மில்லை நம்பித்தான். அதனால் கம்ப்யூட்டர் வாங்கியே ஆக வேண்டும். படம் போடுவதற்குக் கோயம்புத்தூரிலிருந்து சீனிச்சாமி என்று ஓர் ஆளைச் சேர்த்திருக்கிறேன். ஆட்டோகேட் தெரியும். ஆனால் இன்னொருத்தர் வாங்கி வைத்த மெஷினில் வேலை பார்த்தவனே தவிர, எதை வாங்குவது என்று கேட்டால் முழிக்கிறான்.

மதுரைக் கடைக்காரர் மூன்று சொல்கிறார். ஒன்று மேஜையில் வைக்கிற பெரிய பெட்டி. மற்ற இரண்டும் மடித்துத் தூக்கிப் போகிற லாப்டாப். அதில் ஒன்று விலை குறைவு, ஒன்று கண்ணைக் கட்டும் விலை. எதை வாங்கலாம்? ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் மதுரைக்குப் போய் ஆட்டோகேட் படித்தவள் நீ. இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் கிடையாது.

உன் டிராயிங் போர்டில் யாரையும் உட்கார வைக்கவில்லை. சீனிச்சாமிக்கு வேறு மேஜை.

ஞானதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.2.1995

முதலாளி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என்னை எழுப்பி அனுப்பிவிட்டு, அங்கே உட்காரப் போகிறவனுக்கு நாற்காலி எத்தனை அடி உயரம் வேண்டும் என்று என்னிடமே கேட்கிறீர்கள். உங்களுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி. இதைப் படித்துவிட்டு அம்மா, பதிலே போடாதே என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நேற்றுக் காலையிலிருந்து எந்த வேலை செய்தாலும் அந்த மூன்று பெட்டியும் கண் முன்னால் வந்து நிற்கின்றன. சோறு வடிக்கும்போதுகூட எது நல்லது என்று யோசித்துக்கொண்டு கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டேன்.

அதனால் பதில் உங்களுக்காக இல்லை, படத்துக்காக.

எது என்று சொல்வதற்கு முன்னால் எனக்குச் சில விவரம் வேண்டும். மெஷின் ஒர்க்‌ஷாப்பிலேயே இருக்குமா, மில்லுக்குள்ளும் போகுமா? கரண்ட் இப்போது ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது? கடைக்காரர் எழுதிக் கொடுத்த தாளில் ஒவ்வொன்றுக்கும் நேராக என்ன போட்டிருக்கிறது? புரியாவிட்டாலும் அப்படியே பார்த்து எழுதுங்கள். புரிந்த மாதிரி சுருக்கி எழுதாதீர்கள், அந்தப் பழக்கம் உங்களுக்கு உண்டு.

நான் இங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் டாஸ் சொல்லித் தருகிறேன். வேறு விசேஷம் இல்லை.

ஜெயபாய்


ராஜபாளையம்
15.2.1995

ஜெயா,

முதலாளி என்று எழுதியதைப் பார்த்து, பக்கத்தில் கடைந்துகொண்டிருந்த சிவனாண்டிக்குச் சிரிப்பு. லேத்தில் நின்றுகொண்டே கடிதத்தைப் பிரித்தது என் தப்பு.

மில்லுக்குள்ளும் போகும். பழுதான பாகத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து அளவெடுத்து, படத்தைப் போட்டு அங்கேயே தன்னிடம் காட்ட வேண்டும் என்கிறார் சங்கரலிங்கம். அங்கே இருக்கிற பஞ்சுத் தூசி உனக்குத் தெரியும், பத்து நிமிடம் நின்றால் புருவம் நரைத்துவிடும். கரண்ட் நேற்று மட்டும் ஐந்து தடவை போனது.

செவ்வாய்க்கிழமை மதுரை போய் மூன்றையும் பார்த்தேன். பெரிய பெட்டிக்குள் காற்றாடி ஓடுகிறது. லாப்டாப் இரண்டிலும் காற்றாடி இல்லை. தூக்கிப் பார்த்தேன், மூன்று கிலோ இருக்கும். மூடியைத் திறந்து மூடித் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்ட்ஸ் லூசாகிவிடும் சார் என்று கடைப் பையன் பிடுங்கி வைத்துவிட்டான். தாளில் இருப்பதைப் பின்பக்கம் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்து விடவில்லை.

இரண்டு லாப்டாப்பும் ஒன்றுதான், ஒன்றில் கலர் தெரியும், ஒன்றில் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம் என்கிறார் கடைக்காரர். நாம் வரைவது கறுப்புக் கோடு, இதில் கலர் எதற்கு? பெரிய பெட்டியே போதும் என்கிறான் சீனிச்சாமி. எனக்கு அந்த விலை குறைந்த லாப்டாப் பிடித்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். சனிக்கிழமைக்குள் உன் பதில் வந்தால் நல்லது.

ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் வேலை பார்க்கிறார்கள், நான் மட்டும் மெஷினுக்கு மெஷின் நடக்கிறேன். நாலு மணிக்கு டீ வந்தால் யாருக்குச் சர்க்கரை இல்லாமல் என்று டீக்கடைக்காரர் இன்னும் கேட்கிறார். அது உன் டீ. இன்னமும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞானதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
16.2.1995

கொடுக்காதீர்கள். கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு இதைப் படியுங்கள்.

அந்த விலை குறைந்த லாப்டாப்பில் கணக்குப் போடுகிற தனிச் சில்லு இல்லை. நீங்கள் பின்பக்கம் எழுதியிருப்பதிலேயே அது தெரிகிறது. ஆட்டோகேட் அந்தச் சில்லு இல்லாமல் திறக்கவே திறக்காது. லெட்டர் அடிக்கலாம், சம்பளப் பட்டியல் போடலாம், வட்டம் ஒன்று போட முடியாது. அதன் திரையும் சரியில்லை. சுட்டுக்குறியை நகர்த்தினால் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து போய், நிறுத்தின பிறகுதான் மறுபடி தெரியும். அதை வைத்து ஒரு நாள் முழுக்கக் கோடு போடுகிறவனுக்கு மண்டை வெடித்துவிடும். சீனிச்சாமி எனக்கு யாரோ எவரோ, இருந்தாலும் அவன் கண்ணும் கண்தான்.

பெரிய பெட்டியும் வேண்டாம். காற்றாடி பஞ்சை உள்ளே இழுத்து இழுத்து மூன்றே மாதத்தில் மெத்தை தைத்துவிடும். அதோடு மில்லுக்குள் அதை யார் தூக்குவார்கள்?

கண்ணைக் கட்டும் விலையில் இருப்பதுதான் சரி. அதையும் கடைக்காரர் வார்த்தையை நம்பி வாங்காதீர்கள். நம் வீட்டு பீரோவில், என் சர்டிபிகேட் பைக்கு அடியில், நீல பிளாப்பி ஒன்று இருக்கிறது. அதில் நூல் நூற்கிற ரிங் பிரேமின் கியர் படம் முழுவதும் வைத்திருக்கிறேன். மூன்றிலும் அதைப் போட்டுத் திறக்கச் சொல்லி, ரீஜென் என்ற கட்டளையைக் கொடுங்கள். அப்படியென்றால் படத்தை முதலிலிருந்து மறுபடி வரை என்று அர்த்தம். உங்கள் கடிகாரத்தில் விநாடி பாருங்கள். பதினைந்துக்குள் முடிந்தால் வாங்கலாம். நாற்பது ஆனால் எழுந்து வந்துவிடுங்கள்.

போன வெள்ளிக்கிழமை தேரடியில் இறங்கி, ஒரு டீ குடித்து, எதிர்ப்பக்கம் போய் அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பியது யார் என்று நான் கேட்கவில்லை. இன்ஸ்டிட்யூட் ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

எழுத வேண்டாம் என்று நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். ஜனவரியில் கடைந்து கொடுத்த அந்த அறுபது புஷ் வளையங்களும் ஷாஃப்டில் ஏறாமல் மில்லிலிருந்து திரும்பி வந்த அன்று, சங்கரலிங்கம் சார், சிவனாண்டி, இன்னும் இரண்டு ஆட்கள், இந்த நாலு பேர் முன்னால் என் படத்தைப் பிடித்து என் முகத்துக்கு நேரே ஆட்டி, "இது ஒன் கையெழுத்துதான? படிச்சுக் கிழிச்ச லெச்சணம் இதுதானா?" என்று கேட்டீர்கள். என் கையெழுத்துதான். துளை 28 மில்லிமீட்டர் என்று போட்டதும் நான்தான். அன்றிலிருந்து அந்தக் கணக்கை நூறு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். படம் சரியாகத்தான் வருகிறது, ஆனால் புஷ் ஏறவில்லை. எங்கே தப்பு செய்தேன் என்று தெரியாமல் தூக்கம் கெட்டுத் திரிகிறேன். அதுதான் வலிக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். படத்தின் மூலையில் கட்டம் ஒன்றல்ல. வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் என்று மூன்று. நீங்கள் அன்றைக்கு ஒன்றைத்தான் பார்த்தீர்கள்.

ஜெயபாய்


ராஜபாளையம்
23.2.1995

ஜெயா,

திங்கட்கிழமை நீ சொன்னபடியே போனேன். விலை குறைந்த லாப்டாப் உன் பிளாப்பியைப் பார்த்ததும் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதிவிட்டு மூடிக்கொண்டது. கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பெரிய பெட்டி ஒன்பது விநாடி. விலை கூடினது பதினொன்று. வேண்டுமென்றே இன்னும் நாலு தடவை போடச் சொன்னேன், ஐந்து தடவையும் பதினொன்றுதான். அதையே சொல்லிவிட்டேன். மெட்ராஸிலிருந்து வர ஒரு வாரம் ஆகும்.

இனி எழுதப் போவதை மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

கிறிஸ்மஸ் சமயத்தில் கால் முறிந்து மம்சாபுரத்தில் படுத்துக் கிடந்தாரே நம் மூத்த லேத் டர்னர் ஐயாதுரை, அவர் திங்கட்கிழமைதான் வேலைக்குத் திரும்பினார். மறுநாள் காலையில் லேத்துக்குப் பக்கத்துப் பலகையில் இருந்த புஷ் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல என் எழுத்த எங்க?" என்று கேட்டார். என்ன எழுத்து என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"புஷ்ஷ அடிச்சு எறக்குனா தொள சுருங்கும் மொதலாளி. அதனால அஞ்சு பாயிண்டு கூட்டிக் கடையணும்னு மில்லு பிட்டரு ஆகஸ்டுலயே சொன்னாரு. நான் படத்துலயே பென்சில்ல 28.05ன்னு எழுதி வச்சிருந்தேன். எப்பவும் அப்படித்தான் எழுதி வப்போம். சனிக்கெழமை அவிய நோட்டத் தூக்கிட்டுப் பலகை பலகையா வந்து, பென்சில் எழுத்தயெல்லாம் பாத்து எழுதிட்டுப் போவாவ. பொறவு ஒரிஜினல்ல திருத்துவாவ. அவிய மதுரைக்குப் போன ஆறு மாசமா யாரு எழுதுனா?"

யாரும் எழுதவில்லை. சனிக்கிழமைகளில் நீ அந்த நோட்டோடு சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ எண்ணெய், பஞ்சு வேஸ்ட் கணக்கு எடுக்கிறாய் என்று நினைத்திருந்தேன். ஐந்து வருஷம்.

மீதியும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்கும்போது எண்ணெய் பிசுக்கேறி அசிங்கமாக இருக்கிறதென்று பலகைகளில் இருந்த படங்களையெல்லாம் கிழித்து எரித்தது நான். ஒரிஜினலைக் கொண்டுபோய்ப் புதுப் பிரிண்ட் எடுத்து, சுத்தமாக ஒட்டியதும் நான். ஐயாதுரை இல்லாததால் சிவனாண்டி அந்தச் சுத்தமான படத்தைப் பார்த்து, அதில் இருந்தபடியே கடைந்தான். தகர டப்பாவில் பழைய புஷ் ஒன்று கிடந்தது. அளந்து பார்த்தேன். 28.05.

தப்பு உன்னுடையது இல்லை ஜெயா. என்னுடையது. நீ தூங்கு.

இது நமக்குள் இருக்கட்டும். நடந்தது நடந்துவிட்டது, ஆட்களிடம் போய் மறுபடி கிளற வேண்டாம் என்று பார்க்கிறேன். நீ கிளம்பி வந்துவிடு.

ஞானதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
26.2.1995

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுகை முடிந்ததும் உடம்பு லேசாகிவிட்டது. நான் தப்பாகக் கணக்குப் போடவில்லை. நாற்பத்தைந்து நாளில் அன்றைக்குத்தான் மத்தியானம் அசந்து தூங்கினேன்.

எழுந்து கடைசிப் பத்தியை மறுபடி படித்தேன். அப்போது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

நமக்குள் இருக்கட்டுமா? என்னை ஏசினது நமக்குள்ளா நடந்தது? நாலு பேர் பார்க்க நடந்தது. அந்த நாலு பேரும் இன்றைக்கும் ஜெயபாய் தப்பாகப் படம் போட்டாள், அறுபது புஷ்ஷைக் கெடுத்தாள், மில் இரண்டு ஷிஃப்ட் நின்றது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சங்கரலிங்கம் சார் இன்னும் நாலு மில்லில் போய்ச் சொல்லியிருப்பார். எனக்கு இருப்பது படம் போடுகிற கை ஒன்றுதான். அதன் பெயரை வெளியே கெடுத்துவிட்டு, மன்னிப்பை மட்டும் கடிதத்துக்குள் ஒட்டி அனுப்புகிறீர்கள். எழுத்துக்குச் சத்தம் கிடையாது என்று நான்தான் சொன்னேன். ஆனால் இதற்குச் சத்தம் வேண்டும். அங்கே, அதே லேத்துப் பக்கத்தில், அதே நாலு பேர் காதில் விழ வேண்டும்.

என் பங்கும் இல்லாமல் இல்லை. சனிக்கிழமை வேலையை நானாக ஆரம்பித்தேன், நானாகச் செய்தேன், யாரிடமும் சொல்லவில்லை. மதுரைக்குப் போகும்போது, இனிமேல் இதை நீங்கள் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புஷ் சுருங்கும் என்பதும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இதை யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன், எனக்குக் கூச்சமில்லை.

இன்னொன்று. கோயம்புத்தூரில் ஸ்பின்னிங் மெஷின் செய்கிற ஒரு கம்பெனி என்னை டிராப்ட்ஸ்மேன் வேலைக்கு எடுத்திருக்கிறது. பேப்பரில் விளம்பரம் பார்த்து ஜனவரியில் எழுதிப்போட்டேன். இன்டர்வியூவும் போய் வந்துவிட்டேன். மார்ச் 15 சேர வேண்டும், 13ஆம் தேதி திங்கட்கிழமை கிளம்புகிறேன். அங்கே எல்லாப் படத்திலும் மூன்று கட்டமும் நிரம்பியிருக்கும் என்று இன்டர்வியூவில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பதினோரு விநாடி நல்ல மெஷின். சீனிச்சாமி கொடுத்து வைத்தவன்.

ஜெயபாய்


ராஜபாளையம்
3.3.1995

ஜெயா,

லாப்டாப் வந்துவிட்டது. சாம்பல் நிறம். மூடியில் கை பட்டால் ரேகை பதிகிறது. ஆட்கள் கையைக் கழுவிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார்கள். கரண்ட் போன பிறகும் திரை எரிந்துகொண்டே இருந்ததைப் பார்த்து சிவனாண்டி, "அடேயப்பா, இதுக்குள்ள எம்புட்டு நேரம் ஓடும்?" என்றான். இரண்டு மணி நேரம் என்றேன். நான் செய்த மெஷின் மாதிரி.

கோயம்புத்தூர் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. போகாதே என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

நீ கேட்டதைச் செய்யப் பார்த்தேன். புதன்கிழமை சங்கரலிங்கம் வந்திருந்தார், எல்லாரும் இருந்தார்கள். லேத்தை நிறுத்தச் சொன்னேன். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். கடைசியில் கட்டிங் ஆயிலைச் சிக்கனமாக ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். லேத்தை நிறுத்தி ஆயிலைப் பற்றிப் பேசிய முதல் முதலாளி நான்தான். ஐயாதுரை மட்டும் என் பின்னாலேயே வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கத்துவதற்கு எனக்கு வாய் வருகிறது. இதற்கு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. அன்று முழுக்க உட்கார முடியவில்லை. ரயில்வே கேட் வரைக்கும் நடந்து போனேன், கேட் அடைத்திருந்தது, திறக்கும் முன்னாலேயே திரும்பிவிட்டேன்.

ஞானதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
5.3.1995

கட்டிங் ஆயில் கதையைப் படித்துவிட்டு எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா முன்னால் சிரித்துவிட்டேனே என்று கோபமும் வந்தது.

பெட்டி கட்டிவிட்டேன். திங்கட்கிழமை எட்டு மணி பஸ்ஸுக்கு மதுரை போய், அங்கிருந்து கோயம்புத்தூர் பஸ் ஏறுகிறேன். நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். நின்று பார்த்துவிட்டு டீ குடித்துத் திரும்புவதற்கு உங்களுக்கு எத்தனையோ பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது.

உரிமை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுவதற்கு இருந்தது. எழுதவில்லை.

ஜெயபாய்


ராஜபாளையம்
10.3.1995

ஜெயா,

இந்தக் கடிதமும் இதோடு வரும் பையும் ஐயாதுரை கையில் கொடுத்தனுப்புகிறேன். வேலை முடிந்து மம்சாபுரம் போகிற வழியில் உன்னிடம் தருவார். தபாலை நம்பினால் நீ போன பிறகுதான் வரும்.

இன்று காலை பத்தரைக்குச் சொல்லிவிட்டேன். சங்கரலிங்கம் மெஷின் பார்க்க வந்தார். லேத்தை நிறுத்தச் சொன்னால் மறுபடி ஆயில் என்று நினைத்துக்கொள்வார்கள், எனக்கும் ஆயில்தான் வாயில் வரும். அதனால் ஓடவிட்டே பேசினேன். சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது, அது எனக்கு வருமே.

"அந்த அறுபது புஷ் தப்பு ஜெயாவோடது இல்ல. அவ போட்ட படத்துல பென்சில்ல திருத்தி வச்சிருந்தாங்க. அந்தப் படத்தக் கிழிச்சு எரிச்சது நான். சரிபாக்க வேண்டியவனும் நான்தான், பாக்கல. ஒங்க முன்னால அவள ஏசினேன், அது தப்பு" என்றேன். சிவனாண்டி தானாகவே லேத்தை நிறுத்திவிட்டான். கடைசி வாக்கியம் அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

சங்கரலிங்கம், யார் தப்பானால் என்ன, தனக்கு மில் ஓட வேண்டும் என்றார். பிறகு வண்டியில் ஏறப் போனவர் திரும்பி வந்து, "அந்தம்மா போட்ட படத்த நான் நாலு எடத்துல தப்பாச் சொல்லிட்டேன். அத நானே போய்ச் சொல்லிக்கிடுதேன்" என்றார். சீனிச்சாமி என்ன சொன்னான் தெரியுமா? சனிக்கிழமை நோட்டு எங்கே இருக்கிறது, அதைப் பார்க்காமல் தன்னால் ஒரு படமும் போட முடியாது என்றான். நல்ல பையன்தான். அவன் கொடுத்துவைத்தவன் என்று நீ எழுதியதை அவனிடம் காட்டவில்லை.

பைக்குள் இருப்பது லாப்டாப். பெரிய பெட்டி வேண்டாம், தூக்கிப் போகிறதுதான் வேண்டும் என்று சொன்னவள் நீ. இது உன்னுடையது. கோயம்புத்தூர் போனாலும் கொண்டு போ. அங்கிருந்தே நமக்குப் படம் போட்டு பிளாப்பி அனுப்பினாலும் சரி, அந்தக் கம்பெனிக்கே போட்டாலும் சரி. நீ போகக் கூடாது என்றுதான் எனக்கு ஆசை, இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நீ இல்லாமல் எனக்கு எதுவும் ஓடவில்லை. ஆனால் நீ வரவேண்டும் என்பதற்காக இதை அனுப்பவில்லை. நீ தேர்ந்தெடுத்த மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.

அதில் ஒரே ஒரு படம் இருக்கிறது. புஷ் படம். சீனிச்சாமி பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல நானே இரண்டு விரலால் அடித்தேன், ஒரு மணி நேரம் ஆனது. நீ சொன்ன மூலைக் கட்டத்தை அப்போதுதான் பார்த்தேன். அதன் பிறகு உன் ஒரிஜினல் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். இருநூறுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் வரைந்தவர் கட்டத்தில் உன் கையெழுத்து இருக்கிறது. சரிபார்த்தவர் கட்டம் எல்லாவற்றிலும் காலி. ஐந்து வருஷமாக நீ எனக்காகக் காலியாகவே விட்டு வைத்திருந்திருக்கிறாய். இதில் என் பெயரைப் போட்டிருக்கிறேன்.

ஞானதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
11.3.1995, சனிக்கிழமை

அத்தானுக்கு,

ஐயாதுரை அண்ணன் நேற்று பையை மடியில் வைத்துப் பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவந்தார். ஜன்னலோர சீட் கிடைத்தும் வெயில் படும் என்று உட்காரவில்லையாம். காலையில் நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். நீங்கள் எழுதியிருந்ததையேதான் சொன்னார், ஒன்றே ஒன்றைத் தவிர. சொல்லி முடித்ததும் எண்ணெய் டப்பாவை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்களாம். "மொதலாளி டப்பாவ அரமணி நேரம் கீழ வைக்கவே இல்ல தாயி" என்றார். அதை நீங்கள் எழுதவில்லை. சுருக்கி எழுதுகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

படத்தைத் திறந்தேன். துளை 28.05, சரி. அடித்து இறக்குவதற்கு முன்னால் என்று குறிப்பும் போட்டிருக்கிறீர்கள், அதுவும் சரி. சரிபார்த்தவர் கட்டத்தில் உங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கரண்ட் போனது, திரை போகவில்லை. அம்மா காபி கொண்டுவந்து வைத்து, அதை ஆறவிட்டு, மறுபடி சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தாள்.

ஒரு தப்பு இருக்கிறது. பெயர் போட்டிருக்கிறீர்கள், தேதி போடவில்லை. தேதி இல்லாமல் படம் செல்லாது. அதை நான் போட முடியாது. சரிபார்த்தவர்தான் போட வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கையாலேயே அடிக்க வேண்டும், மீதி இருநூறுக்கும் அப்படித்தான்.

கோயம்புத்தூருக்கு வரவில்லை என்று இன்று விடிந்ததுமே எழுதிப்போட்டுவிட்டேன். இனிமேல் சனிக்கிழமை நோட்டோடு நான் சுற்றும்போது சீனிச்சாமியும் கூட வர வேண்டும், நீங்களும் வர வேண்டும். யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வேலை நிற்கக் கூடாது. மறுபடி ஒரு தடவை நாலு பேர் முன்னால் கத்தினால் அன்றைக்கே இன்லேண்டு வாங்கிக் கையில் கொடுத்துவிடுவேன், உள்ளே உட்கார்ந்து எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தை, இன்று வேலைக்குப் போகும் முன் இங்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்ன ஐயாதுரை அண்ணனிடமே கொடுத்துவிடுகிறேன். கட்டின பெட்டியைப் பிரிக்கவில்லை. திங்கட்கிழமை எட்டு மணி பஸ்ஸில்தான் வருகிறேன், போகிற பக்கம்தான் வேறு. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள், பெட்டி, லாப்டாப் இரண்டையும் என்னால் தூக்க முடியாது.

ஜெயா